எனக்கு இழுப்பு இல்லை

கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளை வளர்ப்பது என்றால் பிள்ளையை இருத்தி வைப்பது. கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை. கதிரையில் இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. எழும்பினால் ஏன் எழும்பினாய் என்று கேட்பார்கள். தண்ணீர் குடிக்க என்றால் தண்ணீர் கதிரைக்கு வரும். எங்கள் வீட்டில் சோறு, தேத்தண்ணி, பழம், ஏச்சு எல்லாமே என் மேசைக்கு வந்தன. எழும்பாமல் படிப்பது மட்டும்தான் என் வேலை.

உயர்தரம் படித்த காலத்தில் காலையில் பம்பலப்பிட்டியில் ஒரு ரியூசன், மத்தியானம் வெள்ளவத்தையில் ஒன்று, பின்னேரம் இன்னொன்று. எல்லா இடத்திலும் முதுகு சாய இடமில்லாத வாங்கு. வெள்ளவத்தைக்குள் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடக்கிற தூரம்தான். அம்மா விடமாட்டார். வெயில், நாய், பெடியள். இந்த மூன்றுக்கும் பயந்து ஓட்டோவில் ஏற்றி அனுப்புவார். ஆக, வாங்கிலிருந்து எழுந்து ஓட்டோவில் இருந்தேன். ஓட்டோவிலிருந்து இறங்கி வாங்கில் இருந்தேன். பெறுபேறு நன்றாக வந்தது. பாராட்ட வந்தவர்களும் என்னைப் பக்கத்தில் இருத்தி வைத்துத்தான் பாராட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி என்று ஒன்று வருடாவருடம் வரும். அதற்கும் வழி இருந்தது. எங்கள் ஆட்களில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் ஒரு டொக்டர் இருப்பார். எங்களுக்கு இருந்தவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஒருமுறை நெஞ்சுச் சளி கட்டி மூச்சு இழுத்ததாம். அந்த ஓர் இழுப்பை வைத்து அம்மா பள்ளிக்கூடக் காலம் முழுவதும் ஓட்டினார். போட்டி வருகிறது என்றால் மாமாவிடம் ஒரு துண்டு வாங்கிவிடுவார். ‘இப்பிள்ளைக்கு இழுப்பு இருப்பதால் ஓடக் கூடாது.’ நான் கூடாரத்துக்குள் இருப்பேன். தனியாக இல்லை. வகுப்பில் பாதி அங்கேதான் இருக்கும். எல்லோருக்கும் ஒரு மாமா இருந்தார். ஓடுகிறவர்களுக்கென்று வெட்டி வைத்த தோடம்பழத்தை நாங்கள்தான் தின்று முடித்தோம்.

பிறகு கம்பஸ். கொழும்பிலேயே கிடைத்தது. அங்கே போனால் நடமாட்டம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. விரிவுரை மண்டபத்தில் இருந்தோம், நூலகத்தில் இருந்தோம், கன்ரீனில் இருந்தோம். வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டி இருந்து போனைப் பார்த்தோம். எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், நகரத்தின் மறு முனையில் கொட்டாஞ்சேனைக்காரி. அவள் என்னைவிட மோசம். ஒருநாள் லிஃப்ட் பழுதாகி, படியேறிப் போக வேண்டி வந்தது. பாதி வழியில் இருவரும் படியிலேயே இருந்துவிட்டோம். விரிவுரை முடிந்து மற்றவர்கள் இறங்கி வந்தபோது அவர்களோடு சேர்ந்து இறங்கினோம்.

“நான் காலமை பஸ்ஸிலை ஏறி இருந்தா, பின்னேரம் வீட்டை போய்த்தான் எழும்புறன்” என்றாள் அவள். பெருமையாகத்தான் சொன்னாள்.

இப்படி இருந்த எங்கள் தலையில்தான் அந்தப் பாடம் விழுந்தது. உடற்பயிற்சியும் நலமும் என்று பெயர். புள்ளி கிடையாது, பாஸ் அல்லது பாஸ் இல்லை. படிக்கிற காலத்துக்குள் எந்த வருடத்திலும் செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். எந்த வருடத்திலும் செய்யலாம் என்றால் எங்கள் அகராதியில் கடைசி வருடம். மைதானத்தை ஐந்து முறை சுற்றி ஓட வேண்டும். வேகம் முக்கியமில்லை. ஆமை மாதிரி ஓடலாம். ஆனால் நிற்கக் கூடாது, நடக்கக் கூடாது. நடந்தால் அங்கேயே வெட்டு. வெட்டு விழுந்தால் அடுத்த வருடத்து ஆட்களோடுதான் திரும்ப ஓட வேண்டும். அதுவரை பட்டம் இல்லை.

எனக்கு அப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது. பட்டம் கையில் வந்தால் வா, வராவிட்டால் வேறு ஆளை எடுப்போம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். காலையில் எழுந்து போக எனக்கென்று ஓர் இடம் வேண்டும். இன்னொரு வருடம் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாள் பயிற்சிக்குப் போனோம். ஒல்லியான சிங்கள சேர் ஒருவர் விசிலோடு நின்றார். ஊதினார். ஓடினோம். கால் சுற்று போனதும் என் விலாவுக்குள் யாரோ கத்தியைச் செருகினார்கள். நின்றேன். சிநேகிதி அதற்கு முன்னமே நின்று, குனிந்து, தன் முழங்காலோடு கதைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆண்டுப் பிள்ளைகள் முழுப்பேரும் புல்லில் கிடந்தார்கள். நாளைய கணக்காளர்கள், முகாமையாளர்கள், வங்கி அதிகாரிகள். ஒருவன் படுத்தபடியே சோற்றுப் பார்சலுக்குப் போன் பண்ணினான். மைதானத்துக்கே கொண்டுவரச் சொன்னான்.

சேர் என் பக்கத்தில் வந்து நின்றார். “நங்கி, தொடங்குங்கோ” என்று, தங்கச்சிக்குச் சிங்களமும் மிச்சத்துக்குத் தனக்குத் தெரிந்த தமிழுமாக, மரியாதையாகச் சொன்னார்.

“தொடங்கி முடிச்சிட்டன் சேர்” என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை.

“உதுக்கு ஏன் ஓடுவான்? மாமாட்டைப் போவம்.”

“அம்மா, இது பள்ளிக்கூடம் இல்லை.”

“கம்பஸ் எண்டா என்ன, டொக்டர் டொக்டர்தானே? நீ வாயை மூடிக்கொண்டு வா.”

சாய்கதிரையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “ஓடினால் என்ன, குறைஞ்சே போயிடுவாள்?” என்றார். அவர் ஓய்வுபெற்ற நாளிலிருந்து அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பதை அம்மா ஞாபகப்படுத்தினார். அப்பா ரிவி சத்தத்தைக் கூட்டினார்.

மாமா பின்னேரங்களில் காலி வீதி என்கிற பெருந்தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நோயாளிகளைப் பார்ப்பார். போனால் சரியான சனம். அம்மாவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. இலக்கம் கொடுக்கிற பிள்ளையிடம் நேரே போனார்.

“தங்கச்சி, எங்கடை பிள்ளைக்குச் சரியான இழுப்பு. இருக்கவும் ஏலாது, நிக்கவும் ஏலாது. ஒருக்கா முன்னுக்கு விடுங்கோ.”

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் நன்றாக நின்றுகொண்டிருந்தேன். அம்மா என் முழங்கையில் கிள்ளினார். “இழுடி” என்று வாய்க்குள் சொன்னார். நான் இழுத்தேன். கிள்ளிய கோபத்தில் கொஞ்சம் கூடவே இழுத்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் உதைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. காத்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அத்தனை பேருக்குள் எங்கள் தொடர்மாடியின் ஒன்பதாம் மாடி அன்ரியும் இருந்தார். முழங்கால் நோவுக்கு மருந்தெடுக்க வந்தவர். வெள்ளவத்தையில் கலியாணம் பேசுகிறவர்கள் பலர். இந்த அன்ரி அதைக் காசுக்குச் செய்வதில்லை, ஆசைக்குச் செய்கிறார். யார் பிள்ளைக்கு என்ன வயது, என்ன படிப்பு, என்ன நோய் வருத்தம் எல்லாம் அவர் வாயில் இருக்கும். எனக்குப் பட்டம் கிடைத்த கையோடு என் சாதகக் குறிப்பை இந்த அன்ரியிடம் கொடுப்பது என்பதுதான் அம்மாவின் திட்டம்.

“என்ன, பிள்ளைக்கு இழுப்போ?” என்றார் அன்ரி. “சொல்லவே இல்லை நீங்கள்!”

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இல்லை என்றால் இலக்கம் கொடுக்கிற பிள்ளைக்கு முன்னால் பொய்க்காரி. ஓம் என்றால் என் கலியாணம் போச்சு.

“இல்லை... இப்ப கொஞ்ச நாளாத்தான்” என்றார்.

உள்ளே போனோம். மாமா என் நெஞ்சில் குழாயை வைத்தார், முதுகில் வைத்தார், கழற்றி மேசையில் போட்டார்.

“அக்கா, இவளுக்கு ஒரு கோதாரியும் இல்லை.”

“அது எனக்குத் தெரியும் தம்பி. நீ ஒரு துண்டு எழுதித் தா.”

“பள்ளிக்கூடத்துக்குத் தந்தன். இது கம்பஸ். அவங்கள் தங்கடை டொக்டரிட்டை அனுப்பிப் பாப்பாங்கள். பிறகு என்ரை பேர் நாறும். இவளை ஓட விடுங்கோ. இந்த வயசிலை கால் சுத்து ஓடக் களைக்குது எண்டா நாளைக்கு உங்களைத் தூக்கிப் பாக்கிறது ஆர்?”

துண்டு கிடைக்கவில்லை. இழுப்பு மட்டும் கிடைத்தது.

அடுத்த நாள் காலையில் லிஃப்டுக்குள் ஏறினேன். உள்ளே நின்ற ஐயா ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்குக் காற்று வர இடம் விட்டார். நான் கையை நீட்டுமுன் இன்னொருவர் எனக்காக இலக்கத்தை அமத்தினார். “நீங்கள் கஷ்டப்படாதேங்கோ பிள்ளை.” இலக்கம் அமத்துவதில் என்ன கஷ்டம் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் மூச்சு வாங்குகிறது என்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

கம்பஸுக்குப் போனால் சிநேகிதி ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்று சும்மா சொல்கிறேன், எழும்பி வந்தாள்.

“எடியே, உனக்கு ஹார்ட்டிலை ஓட்டையாம்! எங்கடை கோயிலிலை கதைக்கினம். என்ரை அம்மா அழுதவ.”

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கதை அதைவிடக் கெதியாகப் போயிருந்தது. போகிற வழியில் இழுப்பு இதயமாக மாறியிருந்தது.

கனடாவிலிருந்து சித்தி போன் பண்ணினார். ஒப்பரேஷன் எங்கே செய்யப் போகிறீர்கள், இந்தியாவிலா இங்கேயா என்று கேட்டார். கோயிலில் ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்து, பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்ததாகச் சொல்லி விபூதி கொடுத்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே கத்தினார்.

“அர்ச்சனை செய்யினமாம்! என்ரை பிள்ளைக்கு! குதிரை மாதிரி இருக்கிற பிள்ளைக்கு!”

“நீங்கள்தானே இழுக்கச் சொன்னனீங்கள்” என்றேன்.

“நீ ஏன் அவ்வளவு சத்தமா இழுத்தனி? கொஞ்சமா இழுத்திருக்கலாமே!”

விபூதியைச் சாமித் தட்டில் கொட்டினார். பிறகு என் பிறப்பிலிருந்து அதுவரை அவர் வாயில் வராத ஒரு சொல் வந்தது.

“ஓடு.”

“என்ன?”

“நாளைக்குப் பின்னேரம் மரைன் டிரைவிலை ஓடு. எல்லாரும் பாக்கட்டும்.”

மரைன் டிரைவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் கடல், கடலை ஒட்டி ரயில் பாதை, அதை ஒட்டி வீதி. பின்னேரம் ஆனால் வெள்ளவத்தை முழுவதும் அங்கே நடக்க வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்பிய விலைகூடிய சப்பாத்துகளைச் சேலைக்கும் வேட்டிக்கும் கீழே போட்டுக்கொண்டு, நாலடி நடப்பதும் நின்று கதைப்பதும். நடை கொஞ்சம், கதை மிச்சம். இந்தக் கூட்டத்துக்குள்தான் அம்மா என்னைக் கொண்டுபோய் விட்டார். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“அங்கை பார், அன்ரி ஆக்கள் ரயில் பாதை மதிலிலை இருக்கினம். அவையளைத் தாண்டேக்குள்ளை சிரிச்சுக்கொண்டு ஓடு. மூச்சு வாங்கக் கூடாது.”

மூச்சு வாங்காமல் ஓடுவது எப்படி என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு ஓடு என்றார்.

ஓடினேன். வாயை மூடிக்கொண்டு ஓடினேன். அம்மா என்னை மிகத் தூரத்திலிருந்து கிளப்பிவிட்டிருந்தார். நீண்ட நேரம் எல்லோரும் பார்க்க வேண்டுமாம். பாதித் தூரம் போகவே நெஞ்சு அடைத்தது. அன்ரிமார் கிட்ட வந்தபோது சிரிக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. சிரித்தேன். முகம் சிவந்து, கண் பிதுங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு தங்களை நோக்கி ஒருத்தி வருவதைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். ஒன்பதாம் மாடி அன்ரி, “ஐயோ பிள்ளை!” என்று எழும்பினார். நாலு பேர் என்னைப் பிடித்து மதிலில் இருத்தினார்கள். ஒருவர் விசிறினார். ஒருவர் போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். யாரோ ஒரு ஐயா தன் இன்ஹேலரை நீட்டினார்.

“வருத்தக்காரப் பிள்ளையை ஆர் ஓட விட்டது?”

“தாய்தான். அங்கை பாருங்கோ, சேலையும் கட்டிக்கொண்டு நிக்கிறா.”

“இப்பிடியும் ஒரு தாயோ?”

அம்மா வந்து சேர்ந்தபோது அத்தனை பேரும் அவரை ஏசினார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை! நாங்கள் டொக்டரிட்டைச் சொன்னது முழுப் பொய்!” என்று உண்மையைக் கத்தியே விட்டார். அந்த நேரம் பார்த்துக் காலி நகரத்துப் பக்கம் போகிற ரயில் தடதடத்து வந்தது. ரயில் போய் முடிந்த பிறகு அன்ரி கேட்டார்.

“என்ன சொன்னனீங்கள்?”

அம்மா என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.

“ஒண்டுமில்லை.”

அன்று வீட்டுக்கு வந்து குளித்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அந்தச் சனத்தின் மேல் மட்டும் இல்லை. இந்த வயதில், ஒரு வருத்தமும் இல்லாத எனக்கு, மூச்சு உண்மையாகவே வாங்கியது. நான் நடிக்கவில்லை. சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையும் போய், பட்டமும் போய், இதயத்தில் ஓட்டையோடு அந்த மேசையில் இன்னொரு வருடம் இருக்க நான் தயாரில்லை.

விடிய எழுந்தேன், நடக்கிற சனம் வருமுன். அம்மாவும் எழுந்தார். தேவையில்லை என்றேன். கேட்டால்தானே? ஃபிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து ரயில் பாதை மதிலில் இருந்துகொள்வார். நான் ஓடுவேன், நடப்பேன், திரும்ப ஓடுவேன். அம்மா இருந்த இடத்திலிருந்து கட்டளை போடுவார். “காலைத் தூக்கு!” “கூனாதை!” “அந்த நாயைப் பார், எவ்வளவு வடிவா ஓடுது!” முன்பு அவர் பயந்த அதே நாய்தான்.

“நீங்களும் எழும்பி நடங்கோவன்” என்று ஒருநாள் சொன்னேன்.

“எனக்கென்ன சோதனையே?”

வீட்டில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் திரும்ப வந்தன. பெரியபிள்ளையானபோது வாயைப் பிடித்துப் பருக்கிய அதே சாமான். இடுப்புக்குப் பலமாம். இடுப்புக்கு என்ன வந்ததோ தெரியாது, ஓடும்போது வாய் நிறைய முட்டை மணத்தோடு ஏவறை வந்தது. உழுத்தங்களியும் வந்தது. அதைத் தின்றுவிட்டு யாராலும் எழும்பவே முடியாது, எங்கே ஓடுவது? அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் மட்டும் பலத்தோடு செய்தி பார்த்தார்.

பின்னேரங்களில் கம்பஸ் மைதானம். சிநேகிதி அங்கே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஏசிக்கொண்டு ஓடினால் களைப்புத் தெரியாதாம். சேரை ஏசினாள், பல்கலைக்கழகத்தை ஏசினாள், ஓட்டத்தைக் கண்டுபிடித்தவனை ஏசினாள். நானும் ஏசிப் பார்த்தேன். உண்மைதான். ஏசுகிற அளவுக்கு மூச்சு இருந்தால் ஓடுகிற அளவுக்கும் இருக்கும். முதலில் ஒரு சுற்று வந்தது. பிறகு இரண்டு. ஒருநாள் இரண்டு முடிந்தும் கால் நிற்கவில்லை. எனக்கே புதினமாக இருந்தது. என்னிடம் கால் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை படியேறும்போது மட்டுமே தெரிந்த விடயம்.

ஐந்து சுற்று என்னால் சோதனைக்கு முன்பு ஒருமுறைகூட முடியவில்லை. நாலுக்கு மேல் போனதில்லை. அதோடுதான் சோதனைக்குப் போனேன்.

அன்றைக்கு அம்மா வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். வந்தார். தனியாகவும் வரவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் என்று சொல்லி ஒன்பதாம் மாடி அன்ரியையும் ஓட்டோவில் ஏற்றி வந்திருந்தார். கண்ணால் பார்த்துவிட்டால் அன்ரி தானே போய் ஊருக்குச் சொல்லுவார் என்ற கணக்கு. கேட்டில் நின்ற காவலாளியிடம் என்ன சிங்களம் கதைத்தாரோ தெரியாது, இருவரும் மைதானத்து மரத்துக்குக் கீழே குடையோடு நின்றார்கள்.

“அது ஆர்?” என்று சேர் கேட்டார்.

“எனக்குத் தெரியாது சேர்” என்றேன்.

விசில் ஊதியது. எல்லோரும் கூட்டமாகக் கிளம்பினோம். சோற்றுப் பார்சல்காரன் முதல் சுற்றிலேயே நடந்து, வெட்டு வாங்கி, நிழலில் போய் இருந்தான். சிநேகிதி எனக்கு முன்னால் சத்தமாக ஏசிக்கொண்டு போனாள். முதல் மூன்று சுற்று பரவாயில்லை. மரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் அம்மா அன்ரியிடம், “பாருங்கோ, பாருங்கோ, எங்கையாவது இழுக்குதோ?” என்று கேட்பது காதில் விழுந்தது.

நாலாவது முடியும்போது விலாக் கத்தி திரும்ப வந்தது. தொண்டை காய்ந்து, முகம் எப்படியோ போயிருக்க வேண்டும். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து குளுக்கோஸ் பெட்டியை எடுத்து, உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, சேலையை மற்றக் கையால் தூக்கிப் பிடித்தபடி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்.

“பிள்ளை, ஆவெண்டு! வாயை ஆவெண்டு!”

நான் நிற்க முடியாது. அதனால் அம்மா என்னோடு ஓடினார். என் ஆயுளில் அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. லிஃப்ட் கதவு மூடப் பார்த்தால்கூட அடுத்ததில் போகிற மனுசி. குளுக்கோஸ் என் வாயைத் தவிர முகத்தில் எல்லா இடத்திலும் விழுந்தது. சேர் விசிலை ஊதிக்கொண்டு, “அம்மே! அம்மே!” என்று கையை வீசியபடி வந்தார். வெட்டு வாங்கியவர்களும் ஓடி முடித்தவர்களும் புல்லில் உருண்டு சிரித்தார்கள்.

பிறகு பக்கத்தில் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா ஓடுபாதையின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். முகம் வெளிறிப்போய், வாயால் மூச்சை இழுத்தார். அன்ரி முழங்கால் நோவோடு நொண்டி நொண்டி ஓடி வந்துகொண்டிருந்தார்.

என் ஓட்டம் மெதுவானது. ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் மிச்சம். நின்றால் எல்லாம் போச்சு. நிற்காவிட்டால் அம்மாவை வழியில் விட்டுவிட்டு ஓடுகிறவள். அந்த நேரம் எனக்குச் சிரிப்பு ஒன்றும் வரவில்லை. நிற்கத்தான் போனேன்.

“நிண்டியோ, முறிப்பன் காலை!”

அம்மாவின் குரல்தான். மூச்சு இல்லாத வாயிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வந்ததோ.

“எனக்கு ஒண்டுமில்லை! என்னைப் பாக்காதை! ஓடடி எருமை!”

ஓடினேன். அதை ஓட்டம் என்று சொல்வது மற்ற ஓட்டங்களுக்கு மரியாதையில்லை. காலை மண்ணில் இழுத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, முகமெல்லாம் குளுக்கோஸ் பிசுபிசுக்க, மைதானத்தின் அந்தக் கரையிலிருந்து அம்மா எழும்பிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டே போனேன். நடக்கவில்லை. ஓர் அடிகூட நடக்கவில்லை. கோட்டைத் தாண்டியதும் சேர் என் முதுகில் தட்டி, “சரி நங்கி, பாஸ்!” என்றார். நான் நிற்காமல் அம்மா இருந்த இடம் வரை போனேன். போய்ப் பார்த்தால் அம்மா மிச்சக் குளுக்கோஸைத் தானே நக்கிக்கொண்டிருந்தார்.

“பாஸோ?”

“பாஸ்.”

“கேட்டீங்களோ?” என்று அன்ரியைப் பார்த்தார் அம்மா. “பாஸாம்!”

அன்ரிக்குப் பாஸ் ஒரு பொருட்டில்லை. அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டம் வந்தது. வேலையும் கிடைத்தது. சிநேகிதியும் பாஸ், கோட்டைத் தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் ஏசினாள். இதயத்து ஓட்டை ஊருக்குள் தானாக மூடிக்கொண்டது. அது மூடிய கையோடு வேறு கதை திறந்தது. இழுப்பு பிள்ளைக்கு இல்லையாம், தாய்க்காம். அன்ரி தன் கண்ணால் பார்த்தாராம்.

ஒரு சனிக்கிழமை அன்ரி வீட்டுக்கு வந்தார். லண்டனில் ஒரு பெடியன், நல்ல வேலை, நல்ல குடும்பம். அவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு யோசனைதானாம்.

“அவை கேக்கினம், தாய்க்கு இருக்கிற இழுப்பு பிள்ளைக்கும் பரம்பரையா வருமோ எண்டு. குறை நினைக்காதேங்கோ. நீங்கள் மைதானத்திலை இருந்த இருப்பை நானும் பாத்தனான்தானே.”

நான் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய அம்மா என்றால் தேத்தண்ணியோடு பலகாரமும் வைத்து, இல்லை என்று கெஞ்சி, மாமாவிடம் துண்டு வாங்கித் தருகிறேன் என்றிருப்பார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்ரை பிள்ளை கிரவுண்டை அஞ்சு தரம் சுத்தி ஓடினதை நீங்கள் பாத்தனீங்கள்தானே?”

“ஓம், பாத்தனான்.”

“அப்ப முதல்லை அந்தப் பெடியனை அஞ்சு தரம் ஓடச் சொல்லுங்கோ. நிக்கக் கூடாது, நடக்கக் கூடாது. ஓடி முடிச்சிட்டு வரட்டும், பிறகு கதைப்பம்.”

அன்ரி அதை லண்டனுக்குச் சொல்லியும்விட்டார். அவர் எதையும் சொல்லாமல் விடுகிறவர் இல்லை. அடுத்த கிழமை பதில் வந்தது. பெடியன் நாள் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற வேலையாம், அதனால் இடுப்பு நாரி பிடித்துவிட்டதாம், இப்போதைக்கு ஓட ஏலாதாம்.

“பாவம்” என்றார் அம்மா போனில். “வருத்தக்காரப் பெடியன் போலை. நாங்கள் வேறை இடம் பாக்கிறம்.”